அமேடியோ அவகாதரோ

அமேடியோ அவகாதரோ (ஆகஸ்ட் 9, 1776 – ஜூலை 9, 1856) இத்தாலியைச் சேர்ந்த இயற்பியலாளரும் வேதியியலாளரும் ஆவார். பாடநூல்களில் இவர் பெயர் அவகேட்ரோ எனவும் எழுதப்படுகின்றது. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள வளிமங்கள் (வாயுக்கள்), சம கன அளவில் சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்னும் கருதுகோளை 1811 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்டார். இது பின்னர் அவகாதரோ விதி எனப் பெயர் பெற்றது. இவரது வாழ்நாளில் இக்கருத்து பெரிதும் பொருட்படுத்தப்படவில்லை.

வாழ்க்கை

அவகாதரோ, சார்டீனிய அரசின் தலைநகராக இருந்த தூரின் நகரில், சட்டத்துறையில் பெயர்பெற்ற உயர்குடிக் குடும்பத்தில் பிறந்தார். 1796 இல் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1800 முதல் கணிதத்தையும் இயற்பியலையும் தனிப்பட்ட முறையில் பயின்றார். 1809 இல் வெர்செல்லி நகரக் கல்லூரியில் பேராசிரியரானார். 1820 இல் தூரின் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். 1821 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அப்பதவி நீக்கப்பட்டது. 1834 இல் அப்பதவியை மீண்டும் பெற்று, 1850 வரை பணியாற்றினார்.

வளிமங்களின் இருவகைப் பண்புகள்

வளிமம் அடைத்த ஒரு கலத்தை நடுவில் தடுப்பிட்டு இரு சம பகுதிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதியிலும் கன அளவு, திணிவு, மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஆகியவை பாதியாகும். இவை பொருளின் அளவைச் சார்ந்த பண்புகள். வெப்பநிலை, அழுத்தம், அடர்த்தி ஆகியவை மாறுவதில்லை. இவை பொருளின் அளவைச் சாராத பண்புகள். இவ்வகைப்பாடு அவகாதரோவின் காலத்திற்குப் பிற்பட்டது. எனினும் அவரது கருதுகோளின் சிறப்பை இதனைக் கொண்டு எளிதில் விளக்கலாம். வெப்பநிலையும் அழுத்தமும் சமமாயின், எந்த வளிமமாயினும் அதன் கன அளவே மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் காட்டிவிடும்.

இதனால், எண்ணவே இயலாத மூலக்கூறுகளின் ஒப்புநிறையை அடர்த்தியைக் கொண்டே கணிக்க முடிந்தது. அன்றைய அளவீடுகளின்படி, ஆக்சிசன் மூலக்கூறு ஐதரசன் மூலக்கூற்றைப் போல் சுமார் 15 மடங்கு நிறையுடையது என அவகாதரோ கணித்தார். இன்றைய மதிப்பு சுமார் 16 ஆகும்.

நீரின் வாய்பாடு

இரு பங்கு ஐதரசனும் ஒரு பங்கு ஆக்சிசனும் சேர்ந்து இரு பங்கு நீராவியைத் தரும் என கே-லுசாக்கின் ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆக்சிசனின் நுண்துகள் பிளவுபடாத தனி அணுவாயின், ஒரு துகளிலிருந்து இரு நீர்த்துகள்கள் தோன்ற இயலாது. எனவே ஆக்சிசன் மூலக்கூறு இரண்டாகப் பிரிகின்றது என அவகாதரோ முடிவு செய்தார். ஜான் டால்ட்டனோ நீரில் ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஆக்சிசன் அணுவும் மட்டுமே உள்ளதாகக் கருதினார்.

புறக்கணிப்பும் ஏற்பும்

ஒரே தனிமத்தின் அணுக்கள் ஒன்றோடொன்று பிணையா என்பது பெர்சீலியசின் மின்வேதியியல் கொள்கையிலிருந்து பெறப்பட்ட முடிவாகும். 1814 இல் ஆம்பியர் இதையொத்த கருத்தை வெளியிட்டும் நிலை மாறவில்லை. பாதரசம், கந்தகம் ஆகியவற்றின் ஆவியடர்த்திகளும் எதிர்பார்த்தவாறு அமையாமல் ஐயத்தை வளர்த்தன. இவற்றின் மூலக்கூறுகளில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை இரண்டன்று என்பதே இதற்குக் காரணம். அணுநிறைகளில் உடன்பாடு இல்லாமையால், ஒரே சேர்மத்திற்குப் பல வாய்பாடுகள் வழங்கின.

1858 இல் இசுத்தானிசுலாவோ கன்னிசாரோ, அவகாதரோவின் கருதுகோளைக் கொண்டு அணுநிறைகளை ஒழுங்குபடுத்தினார். 1860 இல் செருமனியின் கார்ல்சுரூ நகரில் நடந்த மாநாட்டில் இதனை வலியுறுத்தினார். அம்மாநாட்டில் கலந்துகொண்ட மெண்டலீவ், பின்னர் 1869 இல் தனிம அட்டவணையை வெளியிட்டார். அவகாதரோ இறந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1909 இல் சான் பெரென், ஒரு மோலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு அவகாதரோவின் பெயரைச் சூட்டினார். அவகாதரோ அந்த எண்ணைக் கணித்தவர் அல்லர். 2019 முதல் அதன் மதிப்பு 6.02214076 × 10²³ என வரையறுக்கப்பட்டுள்ளது.