ஜார்ஜ் ஹாரிசன்

ஜார்ஜ் ஹாரிசன் (பெப்ரவரி 25, 1943 – நவம்பர் 29, 2001) இங்கிலாந்தைச் சேர்ந்த கிட்டார் கலைஞரும் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வருள் ஒருவர். சித்தார் மேதை ரவி சங்கரிடம் பயின்று, இந்திய இசையை மேற்கத்திய ராக் இசை கேட்போரிடம் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர். வங்காளதேச அகதிகளுக்காக இவர் 1971 இல் நியூயார்க்கில் நடத்திய இசை நிகழ்ச்சியும் அதன் இசைத்தொகுப்பும், பிற்காலத்தில் நிதி திரட்டுவதற்காக நடைபெற்ற பெரும் இசை நிகழ்ச்சிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றன.

இளமை

ஹாரிசன் லிவர்பூல் நகரில் ஓர் எளிய குடும்பத்தில் நான்கு பிள்ளைகளுள் இளையவராகப் பிறந்தார். இவரது தந்தை பேருந்து நடத்துனராகப் பணியாற்றியவர். பள்ளிப் பேருந்தில் அறிமுகமான பால் மெக்கார்ட்னியின் மூலம் 1958 இல் ஜான் லெனனின் குழுவில் சேர்ந்தார். அக்குழுவே பின்னர் பீட்டில்ஸ் எனப் பெயர் பெற்று உலகப் புகழ் அடைந்தது. 1970 இல் குழு பிரிந்தபின் இவர் வெளியிட்ட ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ் என்னும் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பு பெரும் வெற்றி பெற்றது.

இந்திய இசை

1965 இல் வெளியான நார்வீஜியன் வுட் என்னும் பாடலில் ஹாரிசன் சித்தார் வாசித்தார். 1966 இல் இலண்டனில் ரவி சங்கரைச் சந்தித்து, அதே ஆண்டு மும்பை வந்து அவரிடம் சித்தார் கற்றார். பின்னர் கிட்டாருக்கே திரும்பினாலும், இருவரது நட்பு ஹாரிசனின் இறுதிக்காலம் வரை நீடித்தது.

வங்காளதேச நிதி நிகழ்ச்சி

1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயல் பல இலட்சம் உயிர்களைப் பலி கொண்டது. 1971 மார்ச்சில் அங்குப் போர் மூண்டதால் மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக வரத் தொடங்கினர். ஆண்டு முடிவில் அவர்களது எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது. வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்த ரவி சங்கர், ஒரு கச்சேரி நடத்தி 25,000 டாலர் திரட்ட எண்ணி ஹாரிசனின் உதவியை நாடினார். ஹாரிசன் சில வாரங்களிலேயே புகழ் பெற்ற கலைஞர்கள் பலரை ஒன்று சேர்த்தார்.

ஆகஸ்ட் 1, 1971 அன்று நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் இரண்டு காட்சிகள் நடைபெற்றன. சுமார் 40,000 பேர் கண்டு களித்தனர். முதலில் ரவி சங்கர் (சித்தார்), அலி அக்பர் கான் (சரோத்), அல்லா ரக்கா (தபேலா), கமலா சக்கரவர்த்தி (தம்புரா) ஆகியோர் வாசித்தனர். அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததுமே, அதனையே கச்சேரி என எண்ணி இரசிகர்கள் கைதட்டினர். இந்நிகழ்வு இசைத்தொகுப்பிலும் பதிவாகியுள்ளது. தொடர்ந்து ஹாரிசன், பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரெஸ்டன், லியான் ரசல் ஆகியோர் பங்கேற்றனர்.

இசைத்தொகுப்பு

நுழைவுச்சீட்டு வருவாயான சுமார் 2,43,000 டாலர் அதே மாதத்தில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்திடம் (யுனிசெஃப்) ஒப்படைக்கப்பட்டது. ஹாரிசனும் பில் ஸ்பெக்டரும் தயாரித்த மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பு, இசைத்தட்டு நிறுவனங்களிடையே இழுபறி நிலவியதால் தாமதமாகி, 1971 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியானது. அதற்குச் சில நாட்களுக்கு முன், டிசம்பர் 16 அன்று போர் முடிவுற்றிருந்தது. இத்தொகுப்பு 1973 இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

ஆனால் வருவாய் முழுவதும் உரியவர்களை உடனே சென்றடையவில்லை. நிகழ்ச்சிக்கு முன்பே யுனிசெஃபுடன் முறையான ஏற்பாடு செய்யப்படாததால், அமெரிக்க வரித்துறை வரிவிலக்கு அளிக்கவில்லை. பெருந்தொகை பல ஆண்டுகள் முடக்கி வைக்கப்பட்டது. பிரித்தானிய அரசும் விற்பனை மீதான வரியைத் தள்ளுபடி செய்ய மறுத்ததால், 1973 இல் ஹாரிசன் பத்து இலட்சம் பவுண்டுகளைத் தாமே செலுத்தினார். முடக்கப்பட்ட தொகையில் ஏறத்தாழ 88 இலட்சம் டாலர் 1980களின் தொடக்கத்திலேயே யுனிசெஃபுக்குக் கிடைத்தது. அகதிகளுள் பெரும்பாலோர் 1972 இலேயே நாடு திரும்பிவிட்டிருந்தனர். எனவே அப்பணம், அவர்கள் முகாம்களில் பசியால் வாடிய காலத்தில் பயன்படவில்லை. எனினும் பிற்காலத்தில் யுனிசெஃபின் குழந்தைகள் நலப் பணிகளுக்கு உதவியது. நிதி திரட்டுவதற்கு முன்பே கணக்கையும் வரியையும் ஒழுங்கு செய்வது இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

பிற்காலம்

ஹாரிசனின் மகன் தானி, நிகழ்ச்சி நடந்த நாளின் ஏழாம் ஆண்டு நிறைவன்று (ஆகஸ்ட் 1, 1978) பிறந்தார். தைவதம், நிஷாதம் என்னும் சுரங்களின் எழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் சூட்டப்பட்டது. வேத மந்திரங்களுக்கு ரவி சங்கர் இசையமைத்த சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா (1997) தொகுப்பை ஹாரிசன் தயாரித்தார். இதன் ஒலிப்பதிவு 1996 இல் சென்னையிலும், இங்கிலாந்தில் ஹாரிசனின் இல்லத்திலும் நடைபெற்றது.

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஹாரிசன், 2001 நவம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலசில் தமது 58 ஆம் வயதில் காலமானார். வங்காளதேச நிகழ்ச்சியின் இசைத்தொகுப்பு 2005 இல் மீண்டும் வெளியிடப்பட்டது. அதன் வருவாய், யுனிசெஃபுக்காக இவரது பெயரில் அமைந்த நிதியத்திற்கு வழங்கப்பட்டது.