சந்தேகத்தில் தவித்து ஈமானுக்குத் திரும்பிய மௌலானா ஆஸாத் (ரஹ்)

புரட்டாசி மாதம் பிறந்துவிட்டால் நம் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்துக் கரிசல் காடுகளில் ஒரு காட்சியைக் காணலாம். மழை இன்னும் வந்திராது. மானாவாரி விவசாயி காய்ந்த புழுதியிலேயே உளுந்தையும் பாசியையும் சோளத்தையும் விதைத்துவிட்டு, அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி இருப்பார். அப்படியொரு நாளில்தான், இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். பட்டப்படிப்பு முடித்தவர். தயங்கித் தயங்கி, அல்லாஹ் இருக்கிறான் என்பதை நிரூபித்துக் காட்ட முடியுமா ஹஜ்ரத், என்று கேட்டார்.

மதரஸாவில் ஓதிய அகாயித் பாடம் நமக்குக் கைவசம் இருந்தது. உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறுவது எதுவோ அது புதிதாக உண்டானது. உண்டானதற்கு உண்டாக்கியவன் ஒருவன் வேண்டும் என்று வரிசையாக எடுத்துச் சொன்னோம். அவனை உண்டாக்கியது யார் என்றார். இந்தச் சங்கிலி முடிவில்லாமல் பின்னோக்கிப் போக முடியாது, தானாகவே இருக்கிற ஒருவனில் போய் நின்றாக வேண்டும் என்றோம். அந்த நிற்கிற இடம் இந்த உலகமாகவே ஏன் இருக்கக் கூடாது என்றார். அதற்கும் கிதாபுகளில் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் நம் குரல் உயர்ந்துவிட்டது. ஷைத்தானின் ஊசலாட்டம் என்று கண்டித்து அனுப்பிவிட்டோம்.

அடுத்த ஜும்ஆவுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஜும்ஆவுக்கும் வரவில்லை. பிறகு அவருடைய தகப்பனார் வந்தார். மகன் தொழுகையை விட்டுவிட்டான், இவனை வீட்டில் வைத்துக்கொள்வது கூடுமா கூடாதா என்று நம்மிடம் மஸ்அலா கேட்டார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அப்போது நினைவில் வந்த பெரியவர்தான் மௌலானா அபுல் கலாம் ஆஸாத்.

அவரை நம்மவர்களில் பலர் அரசியல் தலைவராகவும் சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சராகவும் மட்டுமே அறிவார்கள். முஸ்லிம் லீக் பாரம்பரியமுள்ள வீடுகளில் அவருடைய பெயர் அவ்வளவு பிரியத்தோடு சொல்லப்பட்டதுமில்லை. அந்த வழக்கை இங்கே நாம் பேசப் போவதில்லை. மார்க்கக் கல்வியில் ஊறிய ஒரு வீட்டுப் பிள்ளை ஈமானில் தடுமாறி, வருடக்கணக்காகத் தவித்து, மீண்டும் அல்லாஹ்விடம் திரும்பிய வரலாறு அவருடையது. நாம் பேச வந்தது அதைத்தான்.

மௌலானா பிறந்தது 1888ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், புனித மக்காவில். தந்தையார் மௌலானா கைருத்தீன் டில்லியின் ஆலிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1857 கலகக் காலத்தை ஒட்டி இந்தியாவை விட்டு ஹிஜாஸுக்குச் சென்று குடியேறியவர். தாயார் மதீனாவின் கல்விக் குடும்பத்துப் பெண்மணி. மக்காவாசிகளுக்குத் தண்ணீர் தந்துவந்த ஜுபைதா கால்வாய் பழுதடைந்து மக்கள் அவதிப்பட்டபோது, பல நாடுகளிலும் பொருள் திரட்டி அதைச் செப்பனிட முன்னின்றவர் இந்தக் கைருத்தீன் சாஹிப்தான். தண்ணீரின் அருமை தெரிந்த நம் கரிசல் ஜனங்கள் இந்த ஒன்றுக்காகவே அவருக்கு துஆச் செய்யலாம். பின்னர் கால் எலும்பு முறிந்து, வைத்தியத்துக்காகக் குடும்பத்தோடு கல்கத்தா வந்தார். முரீதுகள் திரும்பிப் போக விடவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். வந்து ஓராண்டுக்குள் தாயார் வஃபாத்தானார்.

தந்தையார் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு மட்டுமல்ல, கல்கத்தா மதரஸாவுக்குக்கூட அனுப்பவில்லை. தாமே ஓதிக்கொடுத்தார்; துறைக்கொரு உஸ்தாதையும் வீட்டுக்கு அழைத்துவந்தார். மற்றவர்கள் இருபது, இருபத்தைந்து வயதில் முடிக்கும் பாடத்தை ஆஸாத் 16 வயதில் முடித்துவிட்டார். ஓதி முடித்தவர் பிறருக்கு ஓதிக்கொடுத்துக் காட்டவேண்டும் என்பது அக்கால வழக்கம். தந்தையார் சுமார் 15 மாணவர்களைச் சேர்த்துக் கொடுக்க, இந்தச் சிறுவர் அவர்களுக்குத் தத்துவமும் கணிதமும் மன்திக் எனும் தர்க்கமும் நடத்தினார். இதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இறைவன் உண்டு என்பதற்கான தர்க்க ஆதாரங்கள் அவருக்குத் தெரியாமல் இல்லை. பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு அவற்றில் தேர்ந்தவர். அவ்வளவு இருந்தும் அந்த ஆதாரங்கள் அவருடைய ஈமானைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

தடுமாற்றம் தொடங்கியது நாத்திகர்களின் நூலைப் படித்ததால் அல்ல. முஸ்லிம்களுக்குள்ளேயே ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தை வழிகெட்டது என்றும் காஃபிர் என்றும் ஏசிக்கொள்வதைக் கண்டார். எல்லோரும் ஒரே ஊற்றிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறார்கள். பிறகு ஏன் இந்தப் பகை என்று நினைத்தார். அங்கிருந்து சந்தேகம் மார்க்கத்தின் மீதே பாய்ந்தது. உண்மை ஒன்றாக இருந்தால் மதங்கள் இத்தனை ஏன், ஒவ்வொன்றும் தானே உண்மை என்பது ஏன் என்று கேட்கத் தலைப்பட்டார். அதே காலத்தில் சர் ஸையித் அஹ்மத் கானின் எழுத்துக்களைப் படித்தார். தனியே ஆங்கிலமும் கற்றார். பழைய பிடிகள் ஒவ்வொன்றாக நழுவின. வம்சத்தாலும் வளர்ப்பாலும் தம்மேல் பூட்டப்பட்டவை யாவும் அறுந்துவிட்டதாகத் தோன்றிய அந்தக் காலத்தில்தான், விடுபட்டவர் என்ற பொருளில் ஆஸாத் என்னும் புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். நாம் இன்று மரியாதையோடு சொல்லும் அந்தப் பெயர் ஒரு சந்தேகக் காலத்தின் பெயர்! (நம்மூரில் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியுமோ?) தகப்பனாருக்குப் பின் ஷைகுடைய இடத்தில் உட்காரவும் அவர் மறுத்துவிட்டார்.

எப்படித் திரும்பினார் என்பதை, ராஞ்சியில் காவலில் இருந்தபோது எழுதிய தத்கிரா என்னும் நூலின் இறுதியில் திரை போட்டுச் சொல்கிறார். மனித அன்பு ஒன்றில் மனம் உடைந்ததாகவும், உடைந்த அந்த இடத்தின் வழியாகவே அல்லாஹ்வின் அன்பு உள்ளே நுழைந்ததாகவும் அவர் சொல்வதிலிருந்து விளங்குகிறது. திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது நமக்கு அழகல்ல. எந்த முனாளராவும் எந்த வாதமும் அவரைத் திருப்பவில்லை என்பது மட்டும் தெளிவு. குர்ஆன் விளக்கத்தின் முன்னுரையிலும் இதையே வேறுவிதமாகச் சொல்கிறார். சந்தேகத்தின் எந்த முள்ளும் தம்மைக் குத்தாமல் விட்டதில்லை, மறுப்பின் எந்தப் பாதையும் தாம் நடக்காதது இல்லை என்ற பொருளில் அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, அந்தத் தம்பியை நாம் அனுப்பிய விதம் நம்மைச் சுட்டது.

1912 ஜூலையில் கல்கத்தாவிலிருந்து அல்ஹிலால் வார இதழைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் வாரம் 26,000 பிரதிகள் போயின. உருதுப் பத்திரிகை உலகம் அதுவரை காணாத எண்ணிக்கை. ஆங்கில அரசு ஜாமீன் தொகைகளைப் பறிமுதல் செய்தது. அது நின்றதும் அல்பலாக் வந்தது. 1916இல் வங்காளத்தை விட்டே வெளியேற்றி ராஞ்சியில் வைத்தார்கள். 1919 இறுதி வரை அங்கேதான்.

ராஞ்சியில் நடந்த ஒரு சம்பவத்தை நம்மால் கடந்து போக முடியவில்லை. 1918 டிசம்பர் என்று அவருக்கு நினைவு. ஒருநாள் இரவு இஷாத் தொழுது பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறார். போர்வை போர்த்திய ஒருவர் பின்தொடர்கிறார். எங்கிருந்து வருகிறீர் என்று விசாரித்தால் காந்தஹாரிலிருந்து! ஏழை மனிதர். குவெட்டா வரை நடந்து, அங்கே தம் நாட்டு வியாபாரிகள் சிலரோடு சேர்ந்து ஆக்ரா வந்து, ஆக்ராவிலிருந்து மீண்டும் நடந்தே ராஞ்சி சேர்ந்திருக்கிறார். குர்ஆனில் சில இடங்கள் விளங்கவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தேன் என்கிறார். அல்ஹிலாலையும் அல்பலாகையும் ஓர் எழுத்து விடாமல் படித்தவராம். சில நாள் தங்கினார். பிறகு சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். சொன்னால் வழிச்செலவுக்குப் பணம் கொடுத்துவிடுவாரோ என்ற கூச்சம்தான் காரணம். மௌலானாவுக்கு அவர் பெயர்கூட நினைவில் நிற்கவில்லை. தம் வாழ்நாளின் பெரிய நூலைப் பெயர் தெரியாத அந்த மனிதருக்கே காணிக்கையாக்கினார்.

அந்த நூல்தான் தர்ஜுமானுல் குர்ஆன். அதன் கதையும் சோதனை நிறைந்தது. எழுதிய தாள்களைப் போலீஸார் சோதனையில் அள்ளிச் சென்றார்கள். 1921இல் மறுபடி கைதானபோது மறுபடியும் அள்ளினார்கள். திரும்பக் கிடைத்தபோது கிழிந்தும் கலைந்தும் கிடந்தன. சில வருடங்கள் அதைத் தொடவே அவருக்கு மனம் வரவில்லை. 1927இல் துணிந்து புதிதாகத் தொடங்கி, 1930 ஜூலையில் மீரட் சிறையில் முதல் பாகத்தை முடித்தார். 1931இல் அது வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1936இல்.

ஸூரத்துல் ஃபாத்திஹாவின் விளக்கத்தில், ரப்பு என்ற ஒரு சொல்லிலேயே அவர் நெடுநேரம் நிற்கிறார். ஒன்றை அதன் நிலைக்குத் தக்கபடி, படிப்படியாக, நிறைவை அடையும்வரை வளர்த்துப் பராமரிப்பது என்பதே அச்சொல்லின் கருத்து. தாய்ப்பாலை உதாரணம் காட்டுகிறார். பிள்ளை வளர வளர, அதன் நிலைக்குத் தக்கபடி பாலும் மாறுகிறது. மழையை உதாரணம் காட்டுகிறார். கடல்நீர் ஆவியாகி, மேகமாகி, துளித்துளியாக அளவோடு இறங்குகிறது. குர்ஆன் ஷரீஃப் கிரேக்கர்களின் தர்க்கத்தைப் போல முதற்கூற்று, இரண்டாங்கூற்று, முடிவு என்று வாதம் கட்டுவதில்லை. இவற்றைப் பார் என்று மனிதனின் கண்ணைத் திருப்புகிறது. இத்தனை வளர்ப்பும் வளர்ப்பவன் இல்லாமல் நடக்கிறது என்று உன் உள்ளம் ஒப்புகிறதா என்று அவனையே கேட்கவைக்கிறது என்பது அவர் கருத்து. இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) போன்ற மேதைகள் குர்ஆனின் இந்த எளிய போக்கைத் தத்துவச் சிக்கலில் மாட்டிவிட்டார்கள் என்று குறைபடவும் செய்கிறார். இமாமவர்களைப் பற்றி அவ்வளவு கடுமை வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். தர்க்கத்தோடு வந்தவர்களுக்கு அவர்கள் தர்க்கத்தால் பதில் சொன்னார்கள். எல்லா மதங்களின் அடிப்படையும் ஒன்றே என்று மௌலானா எழுதியதை உலமாக்கள் பலர் ஆட்சேபித்ததும், அவர் விளக்கம் கூறியதும் தனி விஷயம். அதில் நாம் உலமாக்களின் பக்கமே.

இங்கே ஒரு கேள்வி எழும். மழை பெய்தால் ரப்பு தெரிகிறான், பெய்யாத வருஷத்தில்? புழுதியில் போட்ட விதை எறும்புக்குப் போன காட்டின் ஓரத்தில் நின்று இந்த வாதத்தைச் சொல்லிப் பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும். மௌலானா இதைத் தட்டிக் கழிக்கவில்லை. இயற்கையில் அழிவும் இருக்கிறது, ஆனால் அந்த அழிவு ஆக்கத்தின் வேலையைச் செய்கிறது என்கிறார். நம் கரிசல் மண்ணே இதற்கு ஒரு சாட்சி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறதே, அந்த வெடிப்புதான் மண்ணைத் தானே உழுதுவிடுகிறது. முதல் மழையை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. ஆனாலும் கடன் வாங்கி விதைத்தவரிடம் இதைச் சொல்லி வாயை அடைக்க முடியாது. கணக்கு முடித்துக் காட்டுவதுபோன்ற நிரூபணம் இது அல்ல.

அதை மௌலானாவும் அறிந்திருந்தார். 1942 ஆகஸ்டில் கைதாகி அஹ்மத்நகர் கோட்டையில் அடைபட்டிருந்தபோது, நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானி சாஹிபுக்கு அனுப்ப முடியாத கடிதங்களாக எழுதிவைத்தவை 1946இல் குபாரே காதிர் என்ற பெயரில் நூலாயின. விடியுமுன் எழுந்து, தாமே தேநீர் தயாரித்துக் குடித்துவிட்டு எழுதிய கடிதங்கள். அவற்றில் ஒன்றில் இந்த விஷயத்தை நேராகவே எடுத்துக்கொள்கிறார். தத்துவம் சந்தேகத்தின் கதவைத் திறந்துவிடும், மூட அதனால் ஆகாது. விஞ்ஞானம் நிரூபணம் தரும், நம்பிக்கை தராது. மதம் நம்பிக்கை தரும், அதற்கு நிரூபணம் தருவதில்லை. மனிதனுக்கு உயிர் வாழ நிரூபணம் மட்டும் போதவில்லை என்பது அவர் சொல்லும் கருத்து. இன்னொரு கடிதத்தில், மனிதனுக்குக் கீழே எத்தனையோ படைப்புக்கள் இருக்கின்றன, அவன் மேலே ஏறுவதற்கு அண்ணாந்து பார்க்க ஓர் உயரம் வேண்டாமா, அந்த உயரம் அல்லாஹ்வைத் தவிர வேறெது என்று யோசிக்கிறார். அல்லாஹ் இல்லை என்பவரும் அதை நிரூபித்துவிட்டு அப்படிச் சொல்வதில்லை. சோதனைச்சாலையின் கருவியில் அகப்படவில்லை என்பது கருவியின் எல்லையைத்தான் காட்டும்.

அந்தக் கோட்டையில் இருந்தபோதுதான் அவருடைய மனைவி ஸுலைகா பேகம் கல்கத்தாவில் நோயுற்றார். அரசிடம் ஏதும் கேட்க விரும்பினால் உடனே அனுப்பிவைப்பதாகச் சிறை அதிகாரி சொல்லிப் பார்த்தார். மௌலானா எதுவும் கேட்கவில்லை. 1943 ஏப்ரலில் மரணச் செய்தி வந்தது. கடிதத்தில் அவர் தம் துயரத்தை மறைக்கவில்லை. அன்றாட ஒழுங்கு எதையும் மாற்றிக்கொள்ளாமல் இருக்க மனத்தோடு தாம் போராடியதையும் எழுதியிருக்கிறார். வாலிபத்தில் இழந்து பெற்ற ஈமான் அந்த நாட்களில் அவரை விட்டுப் போகவில்லை.

1958 பிப்ரவரி 22ஆம் நாள் டில்லியில் வஃபாத்தானார். ஜாமிஆ மஸ்ஜிதின் அருகில் அடங்கியிருக்கிறார். தர்ஜுமான் ஸூரத்துல் முஃமினூனோடு நின்றுபோயிற்று. மூன்றாம் பாகம் வெளிவரவே இல்லை.

அந்தத் தகப்பனாரிடம் மகனை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது என்று சொன்னோம். பிறகு ஒருநாள் நாமே அவர்கள் வீட்டுக்குப் போனோம். தம்பி, அன்று நாம் பேசியது சரியில்லை என்றோம். அவர் தலை குனிந்துகொண்டார். ஃபாத்திஹா விளக்கத்தில் ரப்பு பற்றிய பகுதியின் கருத்தை ஒரு நோட்டில் நம் கையால் எழுதிக் கொண்டுபோயிருந்தோம், வாங்கிக்கொண்டார். உளுந்து விலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு எழுந்தோம். நோட்டு இன்னும் திரும்பி வரவில்லை. நாமும் கேட்கவில்லை.