சட்டை தைத்த கையில் மட்டை

பேஸ்பால் உலகின் முடிசூடா மன்னராகத் திகழ்ந்த பேப் ரூத், சிறு வயதில் சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைத்தவர். திருப்பூர்க்காரர்களாகிய நமக்கு இச்செய்தி ஒன்றே போதும், அவர் கதையைக் கேட்க!

ஜார்ஜ் ஹெர்மன் ரூத் 1895 பிப்ரவரி 6ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை மதுக்கடை நடத்தினார். பள்ளிக்குப் போகாமல் தெருவில் திரிந்த பிள்ளையை அடக்க இயலாத பெற்றோர், 1902இல், ஏழு வயதில், புனித மரியன்னை தொழிற்பள்ளியில் விட்டனர். திருத்த முடியாதவன் என்ற பெயரோடு உள்ளே நுழைந்தான் சிறுவன். அவனைப் பார்க்க வருவோர் அரிது. தையற்கூடத்தில் தொழில் கற்றான்.

புனித சவேரியாரின் பெயர் தாங்கிய துறவறச் சகோதரர்கள் அப்பள்ளியை நடத்தி வந்தனர். அவர்களுள் சகோதரர் மத்தியாஸ் ஆறடிக்கும் மேல் உயர்ந்தவர். பிள்ளைகளின் ஒழுங்குக்குப் பொறுப்பாளர். மாலையில் மைதானத்துக்கு வந்து ஒற்றைக் கையாலேயே மட்டையை வீசிப் பந்தை விண்ணில் பறக்கவிடுவார். ரூத் வாய்பிளந்து பார்த்து நிற்பான். முதற்பாடம் அதுதான். பின்னர் சகோதரர் மணிக்கணக்காக அவனோடு நின்று அடிக்கவும் பிடிக்கவும் பழக்கினார். கால்விரல்கள் உள்நோக்கித் திரும்பிய அவருடைய நடையைக்கூட அவன் தனதாக்கிக் கொண்டான். வகுப்பில் வலக்கையால் எழுதியவன், மைதானத்தில் இடக்கைக்காரனாகவே ஆடினான்.

ஒருநாள், பந்து வீசிய தோழன் திணறுவதைக் கண்டு ரூத் கேலியாகச் சிரித்தான். சகோதரர் அவனையே வீசச் சொன்னார். வீச்சாளன் பிறந்தது அப்படித்தான்! 1914இல் தொழில்முறை அணியில் சேர்ந்ததும் வீச்சாளராகவே.

1920இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்தபின் மட்டையே அவர் வாழ்வாயிற்று. பந்தை மெல்லத் தட்டி ஓடுவதே பலரின் வழக்கமாக இருந்த காலத்தில், அவர் முழு வலுவோடு வீசி அடித்தார். கிரிக்கெட்டில் சிக்ஸர் போன்றது ஹோம் ரன். 1927இல் மட்டும் அவர் அடித்தவை 60, வாழ்நாளில் 714. அச்சாதனை 1974 வரை நிலைத்தது. மூன்று வீச்சும் தவறித் தலைகுனிந்து திரும்பியதோ 1330 முறை! சாஃப்ட்பால் பழகும் நம் மாணவியருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த எண்ணைத்தான்.

1919இல் பள்ளி தீக்கிரையானது. மறு ஆண்டு பள்ளி வாத்தியக் குழுச் சிறுவர்களைத் தம் அணியோடு ஊர் ஊராக அழைத்துச் சென்று நிதி திரட்ட உதவினார். சகோதரர் மத்தியாஸுக்குக் கார் வாங்கிக் கொடுத்தார். அது ரயிலில் அடிபட்டு நொறுங்கவே, இன்னொன்று வாங்கிக் கொடுத்தார். சகோதரர் 1944இல் மறைந்தார். புற்றுநோயால் வாடிய ரூத், 1948 ஆகஸ்ட் 16ஆம் நாள் நியூயார்க்கில் கண்மூடினார்.