புழுவை ஆராய்ந்த பெருமாட்டி – மரியா சிபில்லா மெரியன்

அரசர்களையும் படைத்தலைவர்களையும் மட்டுமே பெரியோர் என எண்ணும் வழக்கம் உலகில் நெடுங்காலமாக உள்ளது. இலையின் அடியில் ஊரும் ஒரு புழுவைப் பொறுமையோடு நோக்கியவரும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவரே. அத்தகைய ஓர் அம்மையாரின் வாழ்வை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

மரியா சிபில்லா மெரியன் 1647 ஏப்ரல் 2ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் மத்தேயு மெரியன் புகழ்பெற்ற செதுக்கோவியர். நூல் வெளியீட்டாளரும் ஆவார். மகளுக்கு மூன்று வயது நிரம்பியபோதே அவர் மறைந்தார். தாயார் பின்னர் யாக்கோப் மாரெல் என்னும் ஓவியரை மணந்தார். இச்சிற்றப்பாவே மரியாவுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுத் தந்தவர். பெண்கள் பல்கலைக்கழக வாயிலை மிதிக்க இயலாத காலம் அது. எனவே ஓவியக்கூடமே அவருக்குக் கல்லூரியாயிற்று.

பதின்மூன்றாம் வயதில் அவர் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். முட்டை புழுவாகி, புழு கூடுகட்டி, கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வெளிவரும் விந்தை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பிற புழுக்களும் இவ்வாறே மாறுமோ என்னும் வினா அன்று எழுந்தது. அவ்வினாவே அவர் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது.

அக்காலத்து மக்கள் புழு பூச்சிகளை இழிந்தவையாகக் கருதினர். அவை சேற்றிலும் அழுகிய பொருளிலும் தாமே தோன்றுவன என்னும் பழங்கொள்கை கற்றோரிடையேயும் நிலவியது. இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி 1668இல் இக்கொள்கையை ஆய்வால் மறுத்தார். மெரியனோ அதற்கு எட்டாண்டுகள் முன்பே தம் வீட்டுப் பெட்டிகளில் புழுக்களை வளர்த்து, அவற்றின் மாற்றங்களை நேரில் கண்டுகொண்டிருந்தார்.

1665இல் யோகான் கிராஃப் என்னும் ஓவியரை மணந்த அவர், பின் நூரம்பர்க் நகரில் குடியேறினார். பெண்களுக்கு ஓவியம் கற்பித்தும் வண்ணங்கள் விற்றும் பொருளீட்டினார். இரு பெண்மக்களையும் வளர்த்தார். இவற்றிடையே தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் புழுக்களைத் தேடினார். எந்தப் புழு எந்தச் செடியின் இலையை உண்கிறது, எந்நாளில் கூடு கட்டுகிறது, எத்தனை நாள் கழித்து வெளிவருகிறது என்பனவற்றையெல்லாம் குறித்துவைத்தார். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்கு மாறாகச் சிறு ஈக்களும் குளவிகளும் வெளிவந்தன. அவை புழுவின் உடலுள் வளர்ந்த ஒட்டுண்ணிகள் என்பதை இன்று நாம் அறிவோம். காரணம் விளங்காத அந்நாளிலும் அவர் அவற்றை மறையாமல் பதிவு செய்தார்.

1679இல் அவருடைய புழுநூலின் முதற்பகுதி ஐம்பது ஓவியங்களுடன் வெளிவந்தது; 1683இல் இரண்டாம் பகுதி வந்தது. முட்டை, புழு, கூடு, பூச்சி ஆகிய நிலைகளை, அவை உண்ணும் செடியின் மீதே ஒரே ஓவியத்தில் அமைத்துக் காட்டினார். அதுவரை பூச்சியைத் தனியே பிரித்து வரைவதே பெருவழக்காக இருந்தது. மற்றொன்றும் தமிழ் பயில்வோர் கருதத்தக்கது. அறிஞர்மொழியாகிய இலத்தீனில் எழுதாமல் அவர் தம் தாய்மொழியில் எழுதினார். அதனால் கற்றோர் பலர் அந்நூலைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் பொதுமக்கள் அதைப் படிக்க முடிந்தது. இலத்தீன் பதிப்பு அவர் மறைந்த பின்னர் 1718இல்தான் வந்தது.

கணவரைப் பிரிந்து, சில ஆண்டுகள் ஒரு சமயக்குழுவினருடன் வாழ்ந்து, 1691இல் ஆம்ஸ்டர்டாம் சென்றார். தொலைநாடுகளிலிருந்து வந்த பூச்சிகளை அங்குச் செல்வர் இல்லங்களில் கண்டார். அழகிருந்தது, உயிரில்லை. அவற்றின் புழு எது, உணவு எது என்று சொல்வார் எவருமில்லை. எனவே 1699இல், தம் 52ஆம் வயதில், ஓவியங்களையும் சேகரிப்புகளையும் விற்றுப் பணம் திரட்டி, இளைய மகள் டொரோத்தியாவுடன் தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அரசின் ஆணையோ ஆண்துணையோ இல்லாத பயணம் அது.

அங்கிருந்த தோட்ட முதலாளிகள் கரும்பையன்றி வேறெதையும் அறியார். புழு தேடும் அம்மையாரை அவர்கள் எள்ளி நகையாடினர். அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கரும் மண்ணின் மைந்தரும் காட்டில் வழிவெட்டித் தந்தனர். செடிகளின் பயனையும் கூறினர். நம் தோட்டங்களிலும் பூக்கும் மயில்கொன்றையைப் பற்றி அவர் எழுதியது நெஞ்சை உலுக்குவது. தம் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறத்தல் கூடாதென அடிமைப் பெண்கள் அதன் விதையால் கருவைக் கலைத்தனர் என்னும் செய்தியை, அப்பெண்களின் வாய்மொழியாகவே அறிந்து நூலில் ஏற்றினார். எனினும், உதவியோர் ஒருவர் பெயரையும் அவர் எழுதவில்லை. அவர்தம் உழைப்பைத் தாமும் பயன்கொண்டார். இக்குறையையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று.

நோய் வருத்தவே 1701இல் திரும்பினார். 1705இல், அறுபது ஓவியங்களுடன் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய பெருநூல் டச்சு, இலத்தீன் மொழிகளில் வெளிவந்தது. அதில் சில புழுக்களுக்குத் தவறான பூச்சிகளை இணைத்த பிழைகள் உண்டு. சரியானவையும் பொய்யெனப் பழிக்கப்பட்டன. சிறுபறவையை உண்ணும் சிலந்தியை அவர் வரைந்ததைப் பிற்காலத்தார் கற்பனை என்றனர். சிலந்தியொன்று பறவைகளைக் கொன்றதை அமேசான் காட்டில் நேரில் கண்ட பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1863இல் எழுதிய நூலே அப்பழியைத் துடைத்தது.

1717 ஜனவரி 13ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் அம்மையார் மறைந்தார். புழுநூலின் மூன்றாம் பகுதியை அவ்வாண்டிலேயே டொரோத்தியா வெளியிட்டார். உருசியப் பேரரசர் பீட்டர் அவர் ஓவியங்களை வாங்கினார்; லின்னேயசு உயிரினங்களுக்குப் பெயரிடுகையில் அவற்றைத் துணைக்கொண்டார். யூரோ வருமுன் வழங்கிய ஜெர்மனியின் 500 மார்க் பணத்தாளிலும் அவர் உருவம் இடம்பெற்றது.

இன்று மாணவர் கையிலுள்ள கைப்பேசி நொடியில் படமெடுக்கும். எருக்கிலையிலும் எலுமிச்சை இலையிலும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை நம் கல்லூரி வேலியிலேயே காணலாம். படத்தோடு செடியின் பெயரையும் நாளையும் எழுதிவைத்து, அப்புழு சிறகு பெறும்வரை காத்திருப்போமாயின், அம்மையார் சென்ற வழியில் நாமும் ஓரடி வைத்தவராவோம்.