இசைக்கோமான் டியூக் எல்லிங்டன்

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்தவர் எட்வர்ட் கென்னடி எல்லிங்டன். மிடுக்கான தோற்றங்கண்டு இளமைத் தோழர் சூட்டிய பெயரே ‘டியூக்’; கோமான் என்பது அதன் பொருள்.

ஜாஸ் இசையில் பியானோ வாசித்ததோடு ஆயிரத்திற்கு மேற்பட்ட உருப்படிகளையும் இயற்றினார். 1927இல் நியூயார்க் ‘காட்டன் கிளப்’பில் அமர்ந்தார். அம்மேடையில் வாசித்தோர் கறுப்பினத்தவர். அமர்ந்து கேட்டோர் பெரும்பாலும் வெள்ளையர். ஆயினும், வானொலி அவ்விசையை எல்லார் இல்லங்களுக்கும் கொண்டு சென்றது. செவிக்கு நிறபேதம் ஏது?

தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட 1930களில், ரயில் பெட்டிகளையே வாடகைக்கு அமர்த்தி, அவற்றிலேயே உண்டு உறங்கித் தம் குழுவினரின் மானங்காத்தார். 1933இல் அவர் இயற்றிய ‘டேபிரேக் எக்ஸ்பிரஸ்’ என்னும் உருப்படியில், வண்டி மெல்லப் புறப்பட்டு விரைவதும் ஊதலும் அப்படியே ஒலிக்கும். ரயில்வே குமாஸ்தாவாகிய யான் அதனைக் கேட்டுக் கணக்கேட்டை மறந்ததுண்டு.

1963இல் நாம் வாழும் இத்தில்லிக்கும் தம் குழுவுடன் வந்தார். அப்பயணத்தின் பயனாய், பில்லி ஸ்ட்ரேஹார்னுடன் இணைந்து அவர் படைத்த இசைத்தொகுப்பில் தில்லி மைனாவின் பெயரால் ஓர் உருப்படி உண்டு.

1965இல் அவருக்குச் சிறப்புப் புலிட்சர் விருது வழங்குமாறு நடுவர் பரிந்துரைத்தும் வாரியம் மறுத்துவிட்டது. 1974 மே 24ஆம் நாள் மறைந்தபோது, இறுதி வழிபாட்டிற்குப் பன்னீராயிரம் பேருக்கு மேல் திரண்டனர். விருதோ அவரது நூற்றாண்டான 1999இல்தான் வந்தது. கேட்டவர் என்றோ அளித்துவிட்ட பரிசை, அவையோர் பின்னர் அளித்தனர்.