மாத்தோரிலிருந்து மீரட் வரை: ஜெனரல் ஷாநவாஸ் கானின் வாழ்க்கை நமக்குச் சொல்வது

கடந்த தவணையில் பத்தாம் தர மாணவர்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்ப உதவிக்கொண்டிருந்தேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு மாணவன் புத்தளம் என்று எழுதினான். நிரந்தர முகவரிக்கு முல்லைத்தீவு என்று எழுதினான். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு, இவ்விரண்டில் தன்னுடைய ஊர் எது என்று என்னிடம் கேட்டான். வகுப்பில் பாதிப்பேர் சிரித்தார்கள். மறுபாதிக்கும் அதே கேள்வி இருந்தது என்பது அவர்களின் முகத்தில் தெரிந்தது.

உடனே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்தப் பாதையும், புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கழிந்த இருபது வருடங்களும் இன்னும் மறக்கவில்லை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது, நான் இந்த ஊர்க்காரன்தான் என்பதற்கு ஆதாரம் கொண்டுவரும்படி ஓர் அலுவலகத்தில் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். எனக்கே தெளிவில்லாத ஒன்றைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

அன்று இரவு, ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் வரலாற்று விரிவுரையாளர் சொன்ன ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. மறுநாள் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவரது கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். போர்வீரராக இருந்து, தூக்குக் கயிற்றுக்கு அருகில் வரை சென்று, பிறகு சுமார் இருபது வருடங்கள் இந்தியப் பாராளுமன்றத்தில் இருந்த மேஜர் ஜெனரல் ஷாநவாஸ் கான்தான் அவர். அவரது பெயரை நம் இளைஞர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதனால்தான் இங்கும் எழுதுகிறேன்.

ஷாநவாஸ் கான் 1914 ஜனவரி 24 ஆம் திகதி ராவல்பிண்டி மாவட்டத்தின் மாத்தோர் கிராமத்தில் பிறந்தார். பஞ்சாப் என்றதும் கால்வாய்களும் கோதுமை வயல்களும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அவர் பிறந்த பொத்தோகார் மேட்டுநிலம் அப்படிப்பட்டதல்ல. அது மழையை நம்பிய பூமி. நம் வன்னியின் மானாவாரி வயலைப் போல, வானம் கைவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அந்தப் பகுதிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பிரித்தானிய இந்திய இராணுவத்துக்கு அனுப்பின. ஒருவன் ஏர் பிடிப்பான், மற்றவன் துப்பாக்கி பிடிப்பான். ஷாநவாஸின் குடும்பமும் இராணுவக் குடும்பமே. அவர் டேராடூன் இராணுவக் கல்லூரியில் படித்து, 14 ஆவது பஞ்சாப் படைப்பிரிவில் அதிகாரியானார்.

இரண்டாம் உலக மகா யுத்தம் அவரை மலாயாவுக்குக் கொண்டுபோனது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பல்லாயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களோடு கப்டன் ஷாநவாஸும் போர்க்கைதியானார். கைதிகளைக் கொண்டு இந்திய தேசிய இராணுவம் அமைக்கும் முயற்சி தொடங்கியபோது அவர் முதலில் அதை எதிர்த்தார். ஜப்பானியரை அவர் நம்பவில்லை. உண்ட உப்புக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை வேறு.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகே அவரது மனம் முழுமையாக மாறியது. மன்னருக்கா, நாட்டுக்கா விசுவாசம் என்ற கேள்வி தன்முன் நின்றதாகவும், தான் நாட்டைத் தெரிவு செய்ததாகவும் பின்னர் நீதிமன்றத்தில் அவர் சொன்னார். தெரிவு செய்த பாதையில் எதிர்ப்பக்கத்தில் சொந்தச் சகோதரனே நின்றாலும் போரிட வேண்டிவரும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த இராணுவம் நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. அதில் சேர்ந்த சாதாரண வீரர்களில் ஏராளமானோர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள். 1943 ஒக்டோபர் 21 இல் போஸ் அறிவித்த சுதந்திர இந்திய அரசில் ஷாநவாஸுடன் லோகநாதன் என்ற தமிழ் இராணுவ மருத்துவரும் அமர்ந்திருந்தார். பெண்கள் படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த கப்டன் லக்ஷ்மி.

1944 இல் ஷாநவாஸ் சுபாஷ் படைப்பிரிவின் தளபதியாகப் பர்மாவின் சின் மலைப்பகுதிக்குச் சென்றார். அங்கே எதிரியின் குண்டைவிடப் பசியும் மலேரியாவும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயின. மழைக்காலத்தில் பின்வாங்கியபோது வீரர்கள் வழியோரங்களில் விழுந்து இறந்தார்கள். அடுத்த வருடம் பொப்பா மலைப் பகுதியில் மீண்டும் போரிட்டார். 1945 மே மாதம் பெகு அருகே பிடிபட்டார்.

இந்த இடத்தில் ஓர் ஆசிரியராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த யுத்தமும் சுத்தமானதல்ல. இந்திய தேசிய இராணுவம் கைகோத்த அதே ஜப்பானியர்தான் சயாம் – பர்மா ரயில் பாதைக்காகப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைச் சாகடித்தவர்கள். தப்பியோட முயன்ற சிப்பாய் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு உடந்தையாக இருந்தார் என்று ஷாநவாஸே குற்றவாளியாகக் காணப்பட்டார். இவற்றை மறைத்து ஒரு வீரரைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அது வரலாறு ஆகாது. யுத்தத்துக்கு நடுவே வளர்ந்த வன்னிப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

1945 நவம்பர் 5 இல் டில்லி செங்கோட்டையில் அந்தப் புகழ்பெற்ற வழக்கு தொடங்கியது. குற்றவாளிக் கூண்டில் மூன்று பேர்: ஷாநவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். பிரித்தானியர் மூவரையும் ஒரே கூண்டில் நிறுத்தியதால், எதைப் பிரித்து வைக்க நினைத்தார்களோ அதுவே ஒன்றாகிப்போனது. பூலாபாய் தேசாய் வாதாடினார். பல வருடங்களாகச் சட்டத்தரணி அங்கியைத் தொடாத நேருவும் அதை அணிந்து வந்தார். நாடெங்கும் வீதிகள் கொதித்தன.

மற்ற இருவரிடமிருந்து விலகி நின்றால் ஷாநவாஸுக்காக வாதாடத் தயார் என்று முஸ்லிம் லீக் தரப்பிலிருந்து தகவல் வந்ததாகவும், அவர் அதை ஏற்க மறுத்ததாகவும் சொல்லப்படுகிறது. அந்த நேரத்தில் அது சின்ன விடயமல்ல. தீர்ப்பு மரணமாகவும் இருக்கலாம். தன்னோடு காட்டில் பசி கிடந்தவர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பிக்க அவர் விரும்பவில்லை.

மூவருக்கும் நாடுகடத்தலுடன் கூடிய ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மக்கள் எழுச்சிக்குப் பயந்த இராணுவத் தளபதி ஒகின்லெக் 1946 ஜனவரி 3 இல் அதை இரத்துச் செய்தார். மூவரும் விடுதலையானார்கள். அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

அதற்குப் பிந்திய ஒரு வருடம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. புகழின் உச்சியில் இருந்த அந்த ஜெனரல் ஆயுதத்தை முற்றாகக் கைவிட்டு காந்தியோடு நடந்தார். 1946 ஒக்டோபர், நவம்பரில் பீஹாரில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கோரமான கலவரம் நடந்தது. கிராமங்கள் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் அகதி முகாம்களில் கிடந்தார்கள். 1947 மார்ச்சில் காந்தி அங்கு சென்றபோது, மசௌரி பகுதியில் அகதிகளை அவர்களது கிராமங்களுக்குத் திரும்ப அழைத்துவரும் வேலையை ஷாநவாஸ் ஏற்றுக்கொண்டார். பயந்து ஓடியவர்களை வரச் சொல்ல வேண்டும், விரட்டியவர்களோடும் பேச வேண்டும். மீள்குடியேற்றம் என்ற சொல்லின் பாரம் தெரிந்தவர்களுக்கு, பர்மாக் காட்டில் படை நடத்துவதைவிட அது கடினமான வேலை என்பது புரியும். கூரைத் தகடும் சீமெந்தும் யாரும் கொடுத்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரனின் முகத்தை மறுபடி பார்க்கும் தைரியத்தை யார் கொடுப்பது?

அதே வருடம் ஒகஸ்டில் நாடு பிரிந்தது. மாத்தோர் பாகிஸ்தானுக்குள் போனது. பிறந்த வீடு, பாட்டனார் காணி, உறவினர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். கோடிக்கும் அதிகமானோர் அங்குமிங்கும் இடம்பெயர்ந்த அந்த நாட்களில், பெரும்பாலான பஞ்சாப் முஸ்லிம்கள் மேற்கே போக, ஷாநவாஸ் கிழக்கே நின்றார். எந்த நாட்டின் விடுதலைக்காகத் தன் வீரர்களைச் சாகக் கொடுத்தாரோ, அந்த நாட்டிலேயே இருக்க முடிவெடுத்தார்.

1952 இல் நடந்த முதலாவது பொதுத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் மீரட் மாவட்டத்திலிருந்து காங்கிரஸ் வேட்பாளராகப் பாராளுமன்றம் சென்றார். 1857 ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சி தொடங்கிய அதே மீரட். கரும்பும் கோதுமையும் விளையும் விவசாய பூமி. அங்கே அவருக்கு ஒரு முழக் காணி இருக்கவில்லை, சொந்தபந்தமும் இல்லை. வாக்காளர்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். அப்படியிருந்தும் 1952, 1957, 1962, 1971 என நான்கு தடவை அந்த மக்கள் அவரைத் தெரிவு செய்தார்கள். 1967 இலும் 1977 இலும் தோற்கடித்தார்கள். தோற்றபோதும் அவர் ஊரைக் குறை சொல்லவில்லை, கட்சி தாவவுமில்லை.

1956 இல் போஸின் மறைவு பற்றி விசாரிக்க நேரு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1945 ஒகஸ்ட் 18 இல் தாய்வானில் நடந்த விமான விபத்தில் போஸ் இறந்தார் என்று குழு முடிவு செய்தது. குழுவில் இருந்த போஸின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் அதை ஏற்கவில்லை. தலைவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பியவர்கள் ஷாநவாஸைத் திட்டினார்கள். தான் உயிராக நேசித்த ஒருவரின் மரணத்தைத் தன் கையாலேயே எழுதி ஒப்பமிட வேண்டிய நிலை அவருக்கு வந்தது.

அமைச்சில் பெரும்பாலும் இரண்டாம் வரிசையில்தான் இருந்தார். ரயில்வே, தொழிலாளர், விவசாயம், நீர்ப்பாசனம் என்று பல துறைகளில் வேலை செய்தார். 1960 களின் நடுப்பகுதியில் உணவு, விவசாய அமைச்சில் பிரதி அமைச்சராக இருந்தார். அமைச்சர் பொள்ளாச்சியைச் சேர்ந்த தமிழரான சி. சுப்பிரமணியம். மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து இந்தியா பசியோடு காத்திருந்த காலம் அது. 1966 இல் மெக்சிகோவிலிருந்து 18,000 தொன் விதைக் கோதுமை வரவழைத்து விதைத்த அந்த அமைச்சில், மானாவாரி நிலத்தில் பிறந்த இந்தப் பழைய போர்வீரரும் பணியாற்றியிருந்தார். பிற்காலத்தில் தேசிய விதைக் கூட்டுத்தாபனத்தின் தலைவராகவும் பணியாற்றினார்.

ஆனாலும் அவரது விசுவாசத்துக்கு மறுபடியும் ஆதாரம் கேட்கப்பட்டது. 1965 இல் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. போர்வீரனையும் விவசாயியையும் நாட்டின் இரு தூண்களாகப் பிரதமர் சாஸ்திரி போற்றிய காலம் அது. ஷாநவாஸ் அந்த இரண்டுமாக இருந்தவர். அப்போதுதான் அவருடைய மகன் பாகிஸ்தான் இராணுவத்தில் அதிகாரியாக இருக்கிறார் என்ற செய்தி கிளம்பியது. பதவி விலக வேண்டும் என்று எதிர்ப்பாளர்கள் கூச்சலிட்டார்கள். சாஸ்திரி அதற்கு இணங்கவில்லை. செங்கோட்டையில் அந்த நாட்டுக்காக ஆயுள் தண்டனை பெற்ற ஒருவருக்கு இருபது வருடங்களுக்குப் பிறகும் இந்தக் கதி. எத்தனை தடவை நிரூபித்தாலும் சிலருக்குப் போதாது. 2019 இற்குப் பிறகு இந்த நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1983 டிசம்பர் 9 இல் அவர் டில்லியில் மறைந்தார். அதற்கு முந்திய வருடம்தான் அவர் நேசித்த மீரட்டில் பெரிய இனக்கலவரம் நடந்திருந்தது. ஒரு தனிமனிதரின் நல்ல வாழ்க்கை ஓர் ஊரின் அமைதிக்கு உத்தரவாதம் ஆகாது என்பதும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. ஒருகாலத்தில் கைதியாக நின்ற செங்கோட்டைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பாடவேளை மணி அடித்துவிட்டது. அந்த மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: பிறந்த இடத்தை நீ தெரிவு செய்யவில்லை, அதை உள்ளபடி எழுது. முகவரியை உன் வாப்பா தெரிவு செய்தார், அதையும் எழுது. ஊர் எது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அதை நீ இங்கே என்ன செய்கிறாய் என்பதைக் கொண்டுதான் மற்றவர்கள் எழுதுவார்கள்.

நம் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. திரும்பி வந்த குடும்பங்களில் பல இன்னும் ஒரு காலைப் புத்தளத்திலும் ஒரு காலை வன்னியிலும் வைத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. காணிப் பிரச்சினை இருக்கிறது, பாடசாலைகளில் ஆசிரியர் இல்லை, தொழில் இல்லை. அவற்றைக் கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் உறுதிப் பத்திரம் காணியை மட்டும்தான் தரும். பக்கத்துத் தமிழ் வீட்டில் மரணம் என்றால் போய் நிற்பதும், குளக்கட்டு உடைந்தால் மண்வெட்டியோடு ஓடுவதும், கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வாய் திறந்து பேசுவதும் நாம் செய்ய வேண்டியவை. மீரட்டில் ஒரு முழக் காணி இல்லாதவர் நான்கு தடவை அந்த மக்களின் பிரதிநிதியானது அப்படித்தான்.

அந்த மாணவன் மறுநாள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து தந்தான். கட்டங்கள் எல்லாம் சரியாக நிரப்பியிருந்தான். கூடவே இன்னொரு செய்தியும் சொன்னான். காலபோகத்துக்கு வாப்பாவோடு தானும் வயலில் இறங்கப் போகிறானாம், அதனால் இரண்டு நாள் பாடசாலைக்கு வர மாட்டானாம். வரவுப் பதிவேட்டில் அந்த இரண்டு நாளையும் என்னவென்று பதிவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.