கல்கியும் அவர் வாசகர்களும்

வாரந்தோறும் வெளிவரும் தொடர்கதைக்காகக் குடும்பம் முழுவதும் காத்திருக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் கல்கி என்னும் புனைபெயர் பூண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி. காத்திருக்கச் செய்வது ஒரு கலை. அவ்வாறு காத்திருந்தவர்க்கு முடிவில் என்ன தருவது என்பது அதனினும் அரிய கலை. கல்கியின் வாழ்வில் இவ்விரண்டும் எவ்வாறு அமைந்தன என்பது அறியத் தக்கது.

மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர். திருச்சிராப்பள்ளியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது, 1921 ஆம் ஆண்டில், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு அவர் செவியில் விழுந்தது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்தும் அவர் படிப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறைவாசம் வாய்த்தது. விடுதலை பெற்ற பின்னர்த் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் 1923 இல் பணியேற்றார். அரசியலையும் இனிய தமிழில் எழுதலாகும் என்பதை அவர் கண்ணெதிரே கண்டது அங்கேதான்.

பின்பு அவர் இராஜாஜியின் அழைப்பிற்கு இணங்கித் திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்தில் தங்கினார். மதுவிலக்கைப் பரப்புதற்கென்று அங்கிருந்து 1929 இல் தொடங்கப்பெற்ற விமோசனம் என்னும் இதழின் பணி பெரும்பாலும் அவர் தோள்மேல் விழுந்தது. திருச்செங்கோடு அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இப்போது தருமபுரி மாவட்டத்தில் உள்ள பாப்பாரப்பட்டியும் அந்நாளில் அம்மாவட்டத்ததே. நோயுற்ற உடம்போடு ஊர் ஊராக நடந்து நாட்டுப்பற்றை ஊட்டிய சுப்பிரமணிய சிவா தம் பாரத ஆசிரமத்தைப் பாப்பாரப்பட்டியில் அமைத்திருந்தார். அங்கு அவர் எழுப்ப விரும்பிய பாரதமாதா கோயிலுக்குச் சித்தரஞ்சன் தாஸ் 1923 இல் அடிக்கல் நாட்டினார். 1925 இல் சிவா அவ்வூரிலேயே உயிர் நீத்தார். சிவாவும் ஞானபாநு என்ற இதழை நடத்திய எழுத்தாளர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். மேடையும் இதழும் ஒரே தொண்டின் இரு கைகளாக இருந்த காலம் அது.

இத்தகைய சிற்றூர்களில் இதழ் வாங்கும் வசதியுடையோர் மிகச் சிலர். ஓர் இதழ் பல கைகள் மாறும். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாதோர் சுற்றி அமர்ந்து கேட்பர். கேட்போர்க்குப் புரியாத தமிழை எழுதிப் பயன் இல்லை. கல்கியின் நடையில் காணும் தெளிவும் நகைச்சுவையும் இந்த உணர்விலிருந்து பிறந்தவை எனக் கருதலாம்.

1930 களின் தொடக்கத்தில் அவர் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனுக்கு ஆசிரியப் பொறுப்பு ஏற்றார். கள்வனின் காதலி 1937 இல் தொடர்ந்து வந்தது. தியாக பூமியோ புதுமுறையில் வெளியாயிற்று. கே. சுப்பிரமணியம் இயக்கிய திரைப்படம் உருவாகும்போதே, அதன் காட்சிப் படங்களோடு கதையும் வாரந்தோறும் அச்சாயிற்று. 1941 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட விரும்பி அவர் விகடனை விட்டு விலகினார், சிறைக்கும் சென்றார். மீண்டு வந்ததும், நண்பர் டி. சதாசிவத்தோடு சேர்ந்து கல்கி என்ற பெயரிலேயே புதிய இதழைத் தொடங்கினார். சதாசிவத்தின் துணைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி என்னும் திரைப்படத்தில் நாரதராக நடித்து ஈட்டிய பொருள் அதற்கு முதலாக உதவிற்று.

இப்புதிய இதழில்தான் அவருடைய வரலாற்றுக் கதைகள் பிறந்தன. முதலில் பார்த்திபன் கனவு வந்தது. அதில் மாறுவேடம் பூண்டு திரியும் சிவனடியார் யார் என்னும் மறைபொருள் கதையை நடத்திச் செல்கிறது. அவர் பல்லவப் பேரரசர் நரசிம்மவர்மரே என்பது புலனானபோது, அப்பேரரசரின் இளமைக் காலம் எத்தகையது என்று அறியும் விருப்பம் வாசகர்க்கு எழுவது இயல்பே. அவ்விளமைக் கதையாகச் சிவகாமியின் சபதம் 1944 இல் தொடங்கிற்று. முந்தைய கதையைப் படித்து இன்புற்றவர்கள் மணக்கோலத்தை எதிர்பார்த்திருக்கலாம். ஆயின் சிவகாமியோ ஏகாம்பரநாதரையே கணவராக வரித்து ஆடுகிறாள். வாசகர் விரும்பும் முடிவு ஒன்று, கதை தானே சென்று சேரும் முடிவு மற்றொன்று என்பதில் கல்கி உறுதியாக இருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

கல்கியை எல்லாரும் ஒருமுகமாகப் புகழ்ந்தனர் என எண்ணலாகாது. மணிக்கொடி எழுத்தாளர் சிலர், குறிப்பாகப் புதுமைப்பித்தன், அவர் கதைகளுள் சில பிறமொழிக் கதைகளின் தழுவல் என்று கடுமையாகச் சாடினர். அவ்வாதத்தின் வெப்பம் அக்கால இதழ்களில் நன்கு தெரிந்தது. அவ்வளவிற்கும் பிறகு அவர் எடுத்துக்கொண்ட பணிதான் பொன்னியின் செல்வன்.

1950 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29 ஆம் நாள் இதழில் தொடங்கிய இக்கதை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் நடைபெற்றது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிறான். அன்று இரவே கடம்பூர் மாளிகையில் அரியணையைப் பற்றிய சதி ஆலோசனையை அவன் மறைந்திருந்து கேட்கிறான். அந்நிமிடம் முதல் வாசகருக்கு உறக்கம் இல்லை. இளவரசர் அருள்மொழிவர்மர் கடற்புயலில் சிக்கி மாண்டார் என்ற செய்தி கதையில் பரவுகிறது. ஆதித்த கரிகாலர் கடம்பூரில் கொலையுண்டு கிடக்கிறார். ஒவ்வொரு வாரமும் கதை ஒரு கதவின் முன் நின்றுவிடும். கதவு திறப்பதற்கு ஏழு நாள் பொறுத்திருக்கவேண்டும். ஓவியர் மணியம் தீட்டிய படங்கள் அக்காத்திருப்பை மேலும் வளர்த்தன. கதைப் பக்கங்களைக் கத்தரித்து எடுத்துத் தைத்து நூலாகக் கட்டி வைத்த இல்லங்கள் பல. அக்கட்டுகளைப் பேரப்பிள்ளைகளும் படித்தனர்.

1954 ஆம் ஆண்டு மே மாதம் கதை நிறைவுற்றது. நிறைவுற்றதா, நிறுத்தப்பட்டதா என்பதே அன்று எழுந்த கேள்வி. கதை திடீரென முடிந்துவிட்டது என்று பலர் குறைப்பட்டு எழுதினர். குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நிகழ்ந்ததா? நந்தினி என்னவானாள்? கரிகாலரின் உயிரைப் பறித்த கை எவருடையது? இவற்றுக்கெல்லாம் விடை வேண்டும் என்பது அவர்கள் வேட்கை. இம்முடிவே தக்கது என்பாரும் உளர். அரசுரிமை தம் கைக்கு வந்தபோதும் அருள்மொழிவர்மர் அதனைத் தம் சிறிய தந்தை முறையினரான மதுராந்தகருக்கு விட்டுக்கொடுக்கிறார். ஐந்தாம் பாகத்தின் பெயரே தியாகச் சிகரம். சிகரத்தை எட்டிய பின் ஏறுதற்கு மேலும் படி ஏது என்பது இவர்கள் கட்சி.

இக்கருத்து வேறுபாடு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஆர்தர் கோனன் டாயில் தாம் படைத்த துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை 1893 இல் அருவியொன்றில் வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர் பெரிதும் சினந்தனர். பல ஆண்டுகள் கழிந்தபின், 1903 இல், அவர் ஹோம்ஸை உயிரோடு மீட்டு வந்தார். மகிழ்ந்தோர் பலராயினும், மீண்டு வந்தவர் பழைய ஹோம்ஸ் அல்லர் என்று முகம் சுளித்தாரும் இருந்தனர். தொடர்ச்சி வேண்டும் என்று கேட்டவர்க்கெல்லாம் தொடர்ச்சி நிறைவு தந்துவிடுவதில்லை.

டாயிலுக்கு இருந்த உரிமை கல்கிக்கு இல்லை என்பதை இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். ஹோம்ஸ் முழுவதும் கற்பனை; அவரைக் கொல்லவும் பிழைக்கச் செய்யவும் ஆசிரியரால் இயலும். அருள்மொழிவர்மரோ இராசராச சோழன் என்னும் வரலாற்று வேந்தர். நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தாரின் ஆராய்ச்சி நூலும் வெளிவந்திருந்த காலம் அது. உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலரைக் கொன்ற துரோகிகளுள் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் பெயர்களைச் சொல்கின்றது. கொலைக்குரிய காரணத்தைச் சொல்லவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அருள்மொழி அரசை விட்டுக்கொடுத்த செய்தியைப் போற்றுகின்றன. உத்தம சோழர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்ட பின்னரே, 985 இல், இராசராசர் அரியணை ஏறினார். வரலாறு வாய்மூடி நிற்கும் இடத்தில் நந்தினி, பூங்குழலி முதலிய கற்பனை மாந்தரை உலவவிடக் கல்கிக்கு உரிமை உண்டு. வரலாறு பேசும் இடத்தில் அதனை மறுத்துப் பேசும் உரிமை இல்லை. ஆகவே கதையை எங்கே நிறுத்துவது என்பது அவருடைய விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக இல்லை.

அவர் வாசகரின் குறையைப் புறக்கணித்தாரும் அல்லர். நூலின் இறுதியில் ஒரு முடிவுரை எழுதிச் சேர்த்தார். சமூகக் கதையின் முடிவு வேறு, வரலாற்றுக் கதையின் முடிவு வேறு என்பதை அதில் எடுத்துரைத்தார். வாசகர் எழுப்பிய வினாக்களை வரிசைப்படுத்தி, கதைமாந்தர் பின்னர் அடைந்த நிலையைச் சுருக்கமாகத் தெரிவித்தார். தம்மோடு வாதிடுவோரைச் சமமாக மதித்து விடை கூறும் பண்பு அதில் விளங்குகின்றது. வெறும் பொழுதுபோக்கிற்கு எழுதுவோன் இத்துணைப் பொறுப்பு ஏற்பானோ?

அம்முடிவுரையோடு அமைதியுறாமல் தொடர்ச்சியை எதிர்நோக்கியவர்கள் அதனைக் கல்கியின் கையிலிருந்து பெறவில்லை. கதை முடிந்து ஏழு மாதங்கள் கூட நிறையவில்லை; 1954 டிசம்பர்த் திங்கள் 5 ஆம் நாள், 55 ஆம் வயதில், அவர் மறைந்தார். அப்பொழுது அவர் எழுதிவந்த அமரதாரா பாதியில் நின்றது. அதனை அவர் மகள் ஆனந்தி எழுதி முடித்தார். அலை ஓசை என்னும் நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 1956 இல் வழங்கப்பெற்றது. அதனை ஏற்க அவர் இல்லை.

பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியை எழுதும் துணிவு பிறர்க்கு வந்தது. அமுதசுரபி ஆசிரியர் விக்கிரமன் நந்திபுரத்து நாயகி என்னும் நாவலை அவ்வாறு எழுதினார். கல்கி விட்ட இடத்திலிருந்து கதை நகர்ந்தமைக்காக அதனை விரும்பிப் படித்தவர்கள் உண்டு. கல்கியின் குரல் அதில் கேட்கவில்லை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இரு சாராரும் அளந்த கோல் ஒன்றே. கல்கியின் கதையே அக்கோல்.

இக்கதையைத் திரைப்படமாக்க எம். ஜி. இராமச்சந்திரன் 1950 களில் முயன்றார், அது நிறைவேறவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் மணிரத்னம் இயக்கத்தில் முதற்பகுதி 2022 செப்டம்பரிலும், இரண்டாம் பகுதி 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் எனக் கல்கி அமைத்த திருப்பத்தை இரண்டாம் பகுதி விட்டுவிட்டது. நூலை மனப்பாடமாக அறிந்த முதியவர்கள் அதனை ஏற்க மறுத்தனர். படத்தைக் கண்ட பிறகே நூலைத் தேடி வாங்கிய இளைஞர்களுள் சிலர் படமே சுருக்கமாகவும் தெளிவாகவும் உள்ளது என்றனர். கரிகாலரைக் கொன்றது யார் என்ற வழக்கு மட்டும் இரு தலைமுறையினரிடையேயும் முன்போலவே தீர்ப்பின்றி நடைபெற்றது.